காதுல ஒண்ணுமில்ல

பால் நல்லா இருக்கு. குடுவைக்குப் புகை கொஞ்சம் தூக்கலாவே காட்டியிருக்காங்க, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். இந்த மாதிரி விஷயத்துக்காக வந்து உக்காந்திருக்கிறவனுக்கும் முதல்ல பாலைக் குடுத்துட்டு அப்புறம் கேள்வி கேக்கறீங்க பாருங்க, அது மரியாதை. எங்க குலத்து ஆளுங்களா இருந்தா இந்நேரம் குச்சியத் தூக்கியிருப்பாங்க. நீங்க வேற குலம், எங்க ரெண்டு பக்கத்துலயும் சேராதவங்க, அதனாலதான் தீர்ப்பு சொல்ல உங்களக் கூட்டிட்டு வந்திருக்காங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு முதல்லேருந்து சொல்லுன்னீங்க. சொல்றேன். எனக்குச் சுருக்கமாப் பேச வராது, அதை மட்டும் பொறுத்துக்கோங்க.

என் பேரு யாயோ. சேதின்னா எனக்குப் பைத்தியம். சின்ன வயசுல மத்த பசங்க ஒட்டகக் குட்டி பின்னாடி ஓடுவாங்க, நான் வழிப்போக்கன் பின்னாடி ஓடுவேன். தூரத்துல எவனாவது தோள்ல குச்சியக் குறுக்கப் போட்டுக்கிட்டு வர்றது தெரிஞ்சா போதும், கையில இருக்கிற வேலைய அப்படியே போட்டுட்டுப் போயிடுவேன். எங்கப்பா சொல்லுவாரு, "இவனுக்குப் பசி வயித்துல இல்ல, காதுல."

டாகுன்னா என்னன்னு அஃபார் ஜனத்துல பொறந்த உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. ஆனா ஒண்ணும் விடாதேன்னு சொன்னதால சொல்றேன். ரெண்டு பேரு வழியில பாத்துக்கிட்டா சும்மா தாண்டிப் போகக் கூடாது. கையப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டு, நிழல் இருந்தா நிழல்ல, இல்லன்னா வெயில்லயே உக்காரணும். நின்னுக்கிட்டுச் சொன்னா அது வம்பு, உக்காந்து சொன்னாத்தான் டாகு. ஒருத்தன் கேக்கணும், இன்னொருத்தன் சொல்லணும். முதல்ல கண்ணு, அப்புறம் காது. நீயே பாத்தது தனி. அடுத்தவன் சொல்லிக் கேட்டது தனி, அதை யாரு சொன்னா, அவனுக்கு யாரு சொன்னான்னு சேத்தே சொல்லணும். எங்க புல்லு, எங்க தண்ணி, எந்த மந்தைக்கு நோவு, எங்க சண்டை, எவன் செத்தான், எவளுக்குப் பிள்ளை பொறந்துச்சு. ஒண்ணு கூட்டக் கூடாது, ஒண்ணு குறைக்கக் கூடாது. லாரிக்காரங்க பாத்துச் சிரிப்பாங்க, ரெண்டு பேரு நடுக்காட்டுல உக்காந்து இவ்வளவு நேரம் என்னத்தப் பேசறாங்கன்னு. அவங்களுக்கு என்ன தெரியும். நாம உசுரோட இருக்கிறது தண்ணியால இல்ல, தண்ணி எங்க இருக்குன்னு எவனோ ஒருத்தன் ஒழுங்கா சொன்னதால.

இதுல நான் கெட்டிக்காரன். பெருமைக்குச் சொல்லல. நிறைய பேரு கேக்கத் தெரியாம கேப்பாங்க. "அங்க புல்லு இருக்கா"ன்னு கேட்டா எவனும் இருக்குன்னுதான் சொல்லுவான். நான் "உன் ஆடு அங்க தலை நிமிந்து நின்னுச்சா, குனிஞ்சே நின்னுச்சா"ன்னு கேப்பேன். குனிஞ்சே நின்னா புல்லு இருக்கு. செருப்புத் தூசியப் பாத்தே ஆளு எந்தப் பக்கத்துலேருந்து வர்றான்னு சொல்லிடுவேன். வேற எந்த வேலையிலயும் நான் பெருசா ஒண்ணும் கிழிச்சதில்ல. எனக்கு இருந்தது இது ஒண்ணுதான்.

அதனாலதான் போன வறட்சியில மேய்ச்சல் தேடிப் பாக்க என்னை அனுப்பினாங்க. எவ்வளவு பெரிய விஷயம் அது. மொத்தக் குலமும் ஒருத்தன் கண்ண நம்பி உக்காந்திருக்கும். நான் அந்தக் கறுப்புக் கல்லுக் காடு இருக்குல்ல, எரிமலை கக்கின இடம், எவனும் போக மாட்டான், செருப்பு அறுந்துடும், அதைத் தாண்டிப் போய்ப் பாத்தேன். அந்தப் பக்கம் ஒரு பள்ளம். எப்பவோ ஒரு ஒத்த மேகம் அங்க மட்டும் கொட்டிட்டுப் போயிருக்கு. முழங்கால் வரைக்கும் புல்லு. நான் அதுல படுத்துப் பாத்தேன், பொய்யான்னு.

இந்த மாதிரி சேதிக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல நம்ம குலத்துக்கு மட்டும். நம்ம மந்தை போய்ச் சேர்ந்தப்புறம் யாருக்கு வேணா சொல்லலாம், அது வரைக்கும் வாய மூடி வெக்கணும். இல்லன்னா ஊர்ல இருக்கிற ஆடெல்லாம் அங்கதான் நிக்கும். டாகுல இதுவும் பாதி. சொல்லத் தெரிஞ்சா மட்டும் போதாது, காக்கத் தெரியணும்.

திரும்பி வர்ற வழியில கதாஃபோவப் பாத்தேன். எங்கக்கா மொமினாவோட புருசன். அதோ அந்த வேல மரத்தடியில, இந்தப் பக்கம் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான்.

"என்ன மாப்ள, முள்ளு குத்தின ஆடு மாதிரி துள்ளிக்கிட்டு வர்ற?"

"உக்காரு மச்சான். நின்னுட்டுக் கேட்டா விழுந்துடுவ."

"நான் விழறது இருக்கட்டும், நீ முதல்ல மூச்ச விடு. நாக்கு வெளியில தொங்குது."

ஒரே குலம். அக்கா புருசன். வழியில பாத்தாச்சு. சொல்லாம வந்தா அதுதான் தப்பு. சொன்னேன். அவன் என் கால் ரெண்டையும் பாத்து, "இந்தக் காலுக்கு நெய் தடவி விடணும்டா, உங்கக்காகிட்ட சொல்றேன்"னு சிரிச்சான். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னேன். "எனக்கேவா சொல்ற"ன்னான்.

எங்க ஆளுங்க குடிசையப் பிரிச்சு ஒட்டகத்துல ஏத்தி, அந்தக் கல்லுக் காட்டத் தாண்டி, காலெல்லாம் ரத்தமாப் போய்ச் சேர்ந்தா அங்க வேரு மட்டும்தான் இருந்துச்சு. பள்ளம் பூரா ஆட்டுப் புழுக்கை. இன்னும் காயக் கூட இல்ல. திரும்பி வர்ற தெம்பு மந்தைக்கு இல்ல. எங்கப்பாவோட வெள்ளை ஒட்டகம், அவரு கல்யாணத்துக்கு வந்த ஒட்டகத்தோட பேத்தி அது, கல்லு மேலயே மடிஞ்சு உக்காந்துச்சு. அப்புறம் எந்திரிக்கல. எங்கப்பா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாரு.

குலக் கூட்டம் போட்டாங்க. யாருக்குச் சொன்னேன்னு கேட்டாங்க. கதாஃபோ மச்சானுக்கு மட்டும்தான்னேன். அவன் எந்திரிச்சு என்ன சொன்னான்னா, "மாப்ள பொய் சொல்ற ஆளில்ல. ஆனா அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம், நமக்குத் தெரியாததா. வழியில வேற எவனையாவது பாத்திருப்பான், சந்தோசத்துல கொட்டியிருப்பான், மறந்திருப்பான். சின்னப் பையன், விட்டுடுங்க." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்காகப் பேசறான்னு நினைச்சேன். வேற யாரையாவது பாத்தோமான்னு நானே உக்காந்து யோசிச்சேன். ரொம்ப நாள் யோசிச்சேன். ஒருவேளை பாத்திருப்பேனோன்னு எனக்கே தோணிப் போச்சு.

அன்னியிலேருந்து எம்பேரு ஓட்டைத் தோல்பை. பசங்க கூட கூப்பிடுவாங்க, "ஓட்டைப் பை, எங்க சிந்திட்டு வர்ற?" எனக்கு ஒரு பொண்ணு பேசி வெச்சிருந்தாங்க. அவ அப்பா சொல்லியனுப்பினாரு, ஓட்டைப் பையில எவனாவது தண்ணி ஊத்துவானான்னு. அதெல்லாம் கூடப் பரவாயில்ல. வழியில என்னைப் பாத்தா ஆளுங்க உக்காருவாங்க, கையக் குடுப்பாங்க, ஆனா டாகு பாதியில நின்னுடும். "அவ்வளவுதான்பா, வேற ஒண்ணுமில்ல"ன்னு எந்திரிச்சுடுவாங்க. அவங்க கண்ணப் பாத்தாலே தெரியும், வேற இருக்குன்னு. நான் சொல்றதைக் கேப்பாங்க, கேட்டுட்டு அடுத்த ஆளுகிட்ட "இது யாயோ சொன்னது"ன்னு ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுவாங்க. அதுக்கு அர்த்தம், தள்ளிடுன்னு.

எங்கக்கா மட்டும் உக்காந்து முழுசாக் கேப்பா. மாவு பிசைஞ்சுக்கிட்டே கேப்பா. நடுவுல நிறுத்தினா "அப்புறம்?"னு கேப்பா. அக்காவாச்சே.

இப்ப இந்த வருசத்துக்கு வர்றேன்.

மேட்டு நாட்டு அடிவாரத்துல சந்தை இருக்குல்ல, அங்க போயிருந்தேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது, அதனால நல்லா பேசுவாங்க. வொர்க்குங்கிற பேருல ஒரு லாரிக்காரன், மேட்டு ஆளு, உப்பு ஏத்த வருவான், நம்ம பேச்சு அரைகுறையா வரும். அவன் என்னைப் பாத்ததும் ஓடி வந்தான். மேல மலையில விடாம மழை, பாலம் போயிடுச்சு, லாரியத் திருப்பிக்கிட்டு வந்தேன், இவ்வளவு தண்ணிய என் வயசுல பாத்ததில்லன்னான். "உங்க மணலாத்துக்குத்தான் வரும். கீழ ஆத்துல யாரும் படுக்க வேணாம்னு சொல்லிடு தம்பி, நீ வேகமா நடக்கறவன்." அங்கேருந்து கீழ வந்துட்டா போன் எடுக்காது. நடந்து போய்த்தான் சொல்லணும்.

நான் கிளம்பிட்டேன். நடந்தேன்னு கூடச் சொல்ல முடியாது, ஓடினேன். உண்மையாச் சொல்றேன், அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசம் புல்லப் பாத்த அன்னிக்குக் கூட இல்ல. எவ்வளவு பெரிய சேதி. எல்லாரையும் காப்பாத்தப் போற சேதி. அது எங்கிட்ட மட்டும் இருக்கு. இதை நான் கொண்டு போய்ச் சேர்த்தேன்னா அப்புறம் எவன் ஓட்டைப் பைன்னு சொல்லுவான். வழியெல்லாம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். இதை நீங்க மனசுல வெச்சுக்கணும். சந்தையிலேருந்து கிளம்பறப்ப நான் நல்லவனாத்தான் கிளம்பினேன்.

மறுநாள் காலையில, மணலாறு கண்ணுக்குத் தெரியற மேட்டுக்கு வந்தப்ப, எதுத்தாப்புல கதாஃபோ வர்றான். ஒரு ஒட்டகம் கட்ட அறுத்துக்கிட்டுப் போயிடுச்சுன்னு தேடி வர்றான். கையப் பிடிச்சோம். உக்காந்தோம்.

"சந்தைக்குப் போன ஆளு வெறுங்கையோட வர்ற. உங்கக்கா சக்கரை கேட்டாளே?"

"மறந்துட்டேன் மச்சான்."

"சேதி மட்டும் மறக்காது. சக்கரை மறந்துடும். இன்னிக்கு உனக்கு டீ கிடையாது போ."

அவன் பெரியவன், அதனால அவன் டாகு முதல்ல. நான் கேட்டேன், அவன் சொன்னான். அவன் எப்பவும் ஒழுங்காச் சொல்லுவான், அதை நான் மறுக்க மாட்டேன். கண்ணு, காது, எல்லாம் வரிசையா. எங்க வீட்டுக் கூடாரத்த எல்லாம் மணலாத்துக்குள்ள இறக்கிட்டோம், அங்க தோண்டினா தண்ணி வருது, கரையோரம் நிழலும் இருக்கு, வானம் வெளுத்துக் கிடக்குன்னான். ஆடுங்க தேறிடுச்சுன்னான். எல்லாம் முடிச்சுட்டு கொஞ்ச நேரம் மண்ணக் கிளறிக்கிட்டு இருந்தான்.

"மாப்ள, இன்னொண்ணு இருக்கு. இது கண்ணுலயும் சேராது, காதுலயும் சேராது."

"சொல்லு."

"அந்தப் புல்லு விஷயம். நான்தான் சொன்னேன். எங்கம்மா பொறந்த குலத்து ஆளுங்க வழியில வந்தாங்க. அவங்க ஆட்டப் பாத்தா எலும்பு வெளிய தெரியுது, பிள்ளைங்க அதைவிட மோசம். மனசு கேக்கல. ஒரு வாய் மேஞ்சுட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சேன்டா. மொத்தமா இறக்குவாங்கன்னு நினைக்கல. கூட்டத்துல எந்திரிச்சப்ப சொல்லிடணும்னுதான் எந்திரிச்சேன். வாயில வேற வந்துடுச்சு."

அவன் கிளறின மண்ணத் தட்டிச் சமமாக்கினான்.

"வர்ற கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன். உங்கக்காகிட்ட சொல்லிட்டேன். ஒரு வாரமா அவ எங்கூடப் பேசறதில்ல. சோத்த வெச்சுட்டு அந்தாண்ட திரும்பிக்கறா. நீ என்னைத் திட்டு, அடி. ஆனா உங்கிட்ட பாதி டாகு சொல்லிட்டு என்னால எந்திரிக்க முடியாது."

அவன் முழுசாச் சொன்னான். அதுதான் அவன் செஞ்ச தப்பு. இதை மட்டும் அவன் விட்டிருந்தா, டாகுல ஒண்ணக் குறைச்சிருந்தா, எல்லாரும் இன்னிக்கு நல்லா இருப்பாங்க. நான் அதையும் சேத்துத்தான் உங்ககிட்ட சொல்றேன், ஏன்னா நீங்க ரெண்டு பக்கமும் பாக்கணும்.

கோவம் வந்துச்சான்னு கேப்பீங்க. இல்ல. நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் வரல. வெயில் காலத்துல நெடுநேரம் நடந்துட்டு உக்காந்தா காதுக்குள்ள ஒரு சத்தம் நின்னு போன மாதிரி இருக்கும்ல, அப்படி. நான் இத்தனை மாசமா என் தலைக்குள்ள தேடிக்கிட்டு இருந்த அந்த வழிப்போக்கன், நான் பாத்து மறந்துட்டேனே ஒருத்தன், அவன் இல்லவே இல்ல. எனக்காகப் பேசினான்னு எவன நினைச்சேனோ அவன்தான் என் வாய நீளமாக்கினான். கூட்டத்தோட சேர்ந்து நானும் சிரிச்சேனே, அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துச்சு.

"பரவால்ல மச்சான், பழசு"ன்னேன்.

அவன் என் கையப் பிடிச்சு முகத்துல வெச்சுக்கிட்டான். கொஞ்சம் அழுதான். அப்புறம் மூக்க உறிஞ்சிட்டு, "சரி, உன் டாகு"ன்னான்.

அவன் கேட்டான், நான் சொன்னேன். சந்தையில ஆட்டு விலை இறங்கினது, உப்புக்காரங்க சண்டை போட்டுக்கிட்டது, வழியில பாத்த நரித் தடம், எல்லாம். வானம் நான் வந்த வழி பூரா சுத்தமா இருந்துச்சுன்னேன். அது நிஜம். ஒரு துளி மழைய நான் பாக்கல. பாக்காததைப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது. அவன் நிம்மதியா எந்திரிச்சு ஒட்டகத்தத் தேடிப் போனான். போறப்ப, "கூடாரத்துக்குப் போ, உங்கக்கா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா"ன்னான். போறேன்னேன்.

போகல. மேட்டுல ஒரு பாறை நிழல் இருந்துச்சு, அதுல உக்காந்துட்டேன். களைப்பு. ராத்திரி பூரா நடந்திருக்கேன்ல.

நான் ஆட்ட மட்டும்தான் நினைச்சேன். எங்கப்பாவோட வெள்ளை ஒட்டகம் மாதிரி அவனோடதும் போகட்டும், அப்ப தெரியும்னு. ஆளுங்க சத்தம் கேட்டு ஏறிடுவாங்கன்னு நினைச்சேன். ஆறு அவ்வளவு அகலமில்ல.

மத்தியானம் தாண்டிச்சு. அந்த நேரத்துல வெயிலுக்கு எல்லாரும் குடிசைக்குள்ள படுத்துடுவாங்க. ஒண்ணு ரெண்டு பேருதான் வெளிய. எங்கக்கா கொஞ்ச நேரம் வெளிய இருந்தா, பாயப் பிரிச்சுத் திரும்பக் கட்டிக்கிட்டு இருந்தா, அவ கட்டு எப்பவும் இறுக்கமா இருக்கும். அப்புறம் உள்ள போயிட்டா. தண்ணி வந்தப்ப முதல்ல ஒரு வாசனைதான் வந்துச்சு, ஈர மண்ணு வாசனை. அதுக்கப்புறம் லாரி வர்ற மாதிரி ஒரு சத்தம். வளைவத் திரும்பி வந்தது தண்ணி மாதிரியே இல்ல, மரம், முள்ளு, மண்ணு, எல்லாம் சேர்ந்து ஒரு சுவரு நடந்து வந்த மாதிரி இருந்துச்சு. மேல வானம் அப்பவும் வெளுத்துத்தான் கிடந்துச்சு.

மேட்டுலேருந்து கத்தியிருந்தா கேட்டிருக்கும்னு சில பேரு சொல்றாங்களாம். காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுச்சு. கேட்டிருக்காது. கத்திப் பாத்தியான்னா, இல்ல, பாக்கல.

தண்ணி வடிஞ்சதும் நான்தான் முதல்ல இறங்கினேன். தேட வேண்டிய அளவுக்குத் தேடினேன். அப்புறம் கிளம்பிட்டேன், ஏன்னா சேதி போகணும். ஒவ்வொரு கூடாரத்துக்கும் போனேன். ஒரு ஆளையும் விடல. செத்தவங்க பேரு, யாரு மக, யாரு பொண்டாட்டி, எங்க கிடந்தாங்க, எப்படிக் கிடந்தாங்க, எது கிடைக்கல, எல்லாம் முறைப்படி சொன்னேன். எங்கக்கா மொமினா. கதாஃபோவோட அம்மா. முன்னாடியே செத்துப் போன அவனோட அண்ணன் பிள்ளைங்க, அஸ்யா, உத்தா. எங்கக்காவுக்குப் பொறந்த பிள்ளை, அதுக்கு இன்னும் பேரு வைக்கல, அதனால மொமினா மகன்னு சொன்னேன். கண்ணு தனி, காது தனி. ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல.

எல்லாரும் உக்காந்து கேட்டாங்க. கடைசி வரைக்கும் கேட்டாங்க. பெரியவங்க எல்லாம் குச்சிய மண்ணுல ஊனிக்கிட்டு, என் வாயையே பாத்துக்கிட்டு. நடுவுல ஒருத்தரும் எந்திரிக்கல. முடிச்சதும் ஒரு கிழவர் என் தலையில கை வெச்சு, "அக்காவப் பறிகொடுத்துட்டு வந்து எவ்வளவு தெளிவாச் சொல்றான் பாரு"ன்னாரு. அடுத்த கூடாரத்துக்கு நான் போறதுக்குள்ள அங்க சொல்லிட்டாங்க, யாயோ வர்றான், அவன் பாத்தவன், அவன் சொல்றதைக் கேளுங்கன்னு. நான் தப்பா எடுத்துக்கல, நீங்களும் தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு அழுகை வந்துச்சு, துக்கத்துல மட்டும் இல்ல.

கதாஃபோவும் எனக்காகத்தான் பேசினான். மழை பத்தி உனக்கு யாரும் சொல்லலையான்னு அவன்கிட்ட கேட்டிருக்காங்க. "மாப்ள முழு டாகு குடுத்தான். அவனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான். அவன் அக்கா அது"ன்னு சொல்லியிருக்கான். அந்த ஒரு வார்த்தைய அன்னிக்கே அந்தக் கூட்டத்துல எனக்காகச் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் வொர்க்கு உப்புக்கு இறங்கி வந்தான். வந்ததும் முதல் கேள்வி, "யாயோ தம்பிகிட்ட சொல்லி அனுப்பினேனே, நேரத்துக்குச் சேர்ந்துச்சா?" அதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். எனக்கு ஆச்சரியமில்ல. நாமதான் யாரு யாருக்குச் சொன்னான்னு சேத்துச் சொல்ற ஜனமாச்சே. சேதிக்கு வால் உண்டு, பிடிச்சு இழுத்தா ஆளு வந்துடுவான்.

நீங்க ரொம்ப நேரமா ஒண்ணு கேக்கணும்னு பாக்கறீங்க. கதாஃபோ கண்ண மட்டும் கேட்டானா, காதையும் கேட்டானான்னு. கேட்டான். அவன் என்னிக்குக் கேக்காம விட்டிருக்கான். "கண்ணு முடிஞ்சுது மாப்ள, காதுல என்ன?"ன்னு கேட்டான். மேட்டு நாட்டுப் பக்கம் மழை ஏதாவது கேட்டியான்னு அதையும் தனியாக் கேட்டான், ஏன்னா பிள்ளைங்களோட ஆத்துக்குள்ள படுத்திருக்கோம்னு அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம்.

"காதுல ஒண்ணுமில்ல மச்சான்"னேன்.

ஆளுங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியுமான்னா, தெரியும். அவன் டாகுலதான் வந்துச்சே. எந்தக் குடிசையில யாருன்னு சொன்னான். அவங்கம்மாவுக்கு முட்டி வலி, எந்திரிச்சு நடக்க முடியலன்னான். எங்கக்கா பெத்து இன்னும் நாப்பது நாள் கழியல, பிள்ளை என்னை மாதிரியே காதப் பெருசா வெச்சிருக்கு, பேரு நான்தான் வைக்கணும்னு அவ பிடிவாதமா இருக்கான்னான். அதைச் சொன்னப்ப சிரிச்சான். நான் இதெல்லாம் கேட்டேன். ஒண்ணு கூட மறக்கல. நான்தான் சொன்னேனே, கேக்கறதுல நான் கெட்டிக்காரன்.

சரி. கொன்னேன். அந்த வார்த்தை உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க. தண்ணி அவங்களக் கொன்னுச்சுன்னு நான் இனிமே சொல்லல. ரத்தத்துக்கு ஈடா ஒட்டகம் குடுக்கணும்னா எங்க ஆளுங்க சேத்துக் கட்டுவாங்க. கத்தின்னா, அதோ கதாஃபோ இடுப்புலயே இருக்கு, நான் ஓட மாட்டேன்.

ஆனா காலையில பால் கொண்டு வந்த ஆளு வாய்க்குள்ள முணுமுணுத்துட்டுப் போனான். நீங்க கத்தியும் வேணாம், ஒட்டகமும் வேணாம்னு பேசிக்கிறீங்களாம். யாயோவ வழியில பாத்தா எவனும் உக்காரக் கூடாது, கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது, தாண்டிப் போயிடணும்னு தீர்ப்பு வரப் போகுதாம். நேத்து இங்க வர்ற வழியில கதாஃபோ அப்படித்தான் என்னைத் தாண்டிப் போனான். நான் கையக் கூட நீட்டிட்டேன். அவன் நிழல் என் மேல பட்டுப் போச்சு, அவன் நிக்கல.

பெரியவங்களே, அதை மட்டும் செய்யாதீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் எதுத்தாப்புல வர்றான், உனக்கு விஷயம் தெரியும், எங்க தண்ணி வருது, எங்க சாவு வருதுன்னு தெரியும், அவனுக்குத் தெரியாது, அவன் உன்னை நம்பி நிக்கறான், நீ வாயத் திறக்காம தாண்டிப் போற. அவன் பாட்டுக்கு எதுலயோ போய் படுக்கறான். மனுசன் மனுசனுக்குச் செய்யற காரியமா அது. அந்த மாதிரி ஒண்ண என் எதிரிக்குக் கூட நான் செய்ய மாட்டேன்.